காற்று எந்தப் பக்கம் அடித்தாலும்

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் அந்த நாற்றம். அழுகின கோஸும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி. ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் மருந்துக் கம்பெனிகள் பக்கமிருந்து காற்று அடிக்கிறது. நீ போய் ஒரு வருஷமாகிவிட்டது, தோழி. இது மட்டும் போகவில்லை.

நாம் சிநேகமானதே ஆஸ்பத்திரியில்தான். குழந்தைகள் வார்டில் என் மகளும் உன் மகனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரே காலனியில் இருந்தும் அதுவரை பேசினதில்லை. "ஊபிரி ஆடட்லேதம்மா" என்று என் பெண் தெலுங்கில் திணறினாள். மூச்சு வரலைம்மா என்று தமிழில் சொல்லக்கூட அவளுக்கு வரவில்லை. நெபுலைசர் மாஸ்க்கை அவள் முகத்தில் சரியாகப் பொருத்த எனக்குத் தெரியவில்லை. நீ வாங்கிப் பிடித்துக்கொண்டாய்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்றார் டாக்டர்.

"வீட்ல இல்ல டாக்டர். வீட்டுக்குப் பின்னாடி பிடிக்கிறாங்க, புகைபோக்கி வச்சு" என்றாய்.

குளிர்காலம்தோறும் அதே வார்டு. பேப்பரைத் திறந்தால் நகரத்தின் புதுக் கண்ணாடிக் கட்டடங்கள். நம் குழந்தைகளின் நெஞ்சுக்கூடு இழுப்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

காலனிப் பெண்களைத் திரட்டிக் கம்பெனி அதிகாரியை வரவழைத்தது நீதான். "எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு மேடம்" என்றார். நீ சண்டை போடவில்லை. டீ கொடுத்தாய், பஜ்ஜி கொடுத்தாய், இருட்டும்வரை பேச்சுக் கொடுத்தாய். அவர்கள் புகையைத் திறந்துவிடும் நேரம் வந்தது. அவர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கை மூடினார்.

"கையை எடுங்க சார். அளவுக்குள்ளதானே இருக்கு."

அவர் எடுக்கவில்லை. காருக்கு ஓடினார்.

கொஞ்ச நாளில் புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள். நாற்றம் பெரும்பாலான நாட்களில் நம்மைத் தாண்டி ரயில் பாதைக்கு அந்தப்புறம் இறங்கியது. காலனியில் ஸ்வீட் கொடுத்தார்கள். நீ வாங்கவில்லை. "நக்கோ, வேணாம். அங்கேயும் குழந்தைங்க இருக்கு" என்றாய். உனக்குத் திமிர் என்று பேசினார்கள். மறுநாளிலிருந்தே நீ ரயில் பாதையைத் தாண்டிப் போய் அங்கிருந்த பெண்களோடு உட்கார்ந்தாய், புற்றுநோய் உன்னைப் படுக்கவைக்கும்வரை.

என் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். "இன்னும் ஏன் கோபப்படறே?" என்கிறார் கணவர். போன வாரம் அந்தப்புறத்துத் தாய் ஒருத்தி போன் செய்தாள், பிள்ளையை வார்டில் சேர்த்திருப்பதாக. எந்தக் கட்டில் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.