காட்டேரி பார்த்த கடிகாரம்

12 மே 2009, செவ்வாய்

கிடைத்துவிட்டது! மூன்று மாதமாக நின்றுபோயிருந்த என் காட்டேரி காமிக்ஸுக்கு முடிவு கிடைத்துவிட்டது.

காமிக்ஸில் கதையைச் சொல்பவன் காட்டேரியின் வேலைக்காரன், இந்தத் தீவில் பிறந்தவன். வெயில் பட்டால் சாம்பலாகிவிடும் எஜமானைப் பெட்டியில் வைத்து மெயின்லேண்டிலிருந்து கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்துவிட்டான். அவரிடமிருந்து எப்படித் தப்பிப்பான்? கத்தி, நெருப்பு எல்லாம் வரைந்து பார்த்துக் கிழித்துப் போட்டேன்.

இன்று காலை, நான் சமையல் வேலை பார்க்கும் மரைன் ஹில் பங்களாவில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் சென்னையிலிருந்து வந்த புது ஆபீசர் ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஓடி வந்தார்.

"வெயில் இப்படி அடிக்குது, ஏன்யா எழுப்பல? மணி எட்டிருக்குமே!"

"அஞ்சரைதான் சார். இங்க சீக்கிரம் விடிஞ்சிரும்."

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கல சார்."

சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தோசை கருகியதுகூடத் தெரியவில்லை.

தீவில் எஜமானுக்கு முதல் இரவு. கடிகாரத்தைப் பார்க்கிறார். மெயின்லேண்ட் கணக்குப்படி விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கடற்கரைக்குக் கிளம்புகிறார். வேலைக்காரன் கதவைத் திறந்துவிட்டுக் கும்பிடுகிறான். ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லையே!

சாப்பிடும்போது என் மனைவி சாந்தியிடம் படபடவென்று சொன்னேன்.

"அச்சா, நல்லாருக்கே!" என்றாள். பிறகு, "கடைசிப் படத்துலயாவது அவன உக்கார வைங்க. கதை பூரா நின்னுக்கிட்டே இருக்கான்."

நாற்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு கட்டத்தில்கூட அவன் உட்காரவில்லை.

நாற்காலியை வரைந்துவிட்டேன். அவனுக்கு முழங்கால் எப்படி மடங்கும் என்றுதான் தெரியவில்லை.