மேல்மாடிக்கு ஓர் அடுப்பு

மஹல்லா நகர்,
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்புள்ள ஷஃபீக் அவர்களுக்கு, உங்கள் மனைவி இன்ஷிராஹ் ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் மகள் இனாஸும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் வேலை பார்க்கும் தபூக்கில் இந்த வருடம் குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன். டைல்ஸ் ஒட்டும்போது முழங்காலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

இதை அங்கே வரும் பக்கத்து வீட்டு ஸப்ரியிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரை மூன்று இடத்தில் டேப் போட்டு ஒட்டி, டேப்பில் பாதியும் கவரில் பாதியுமாக என் கையெழுத்தைப் போடப்போகிறேன். எழுத்து கோணியிருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸப்ரி தங்கமான மனிதர். அவர் மனைவியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஃபிரிட்ஜும் ஓர் அடுப்பும் வாங்க ஒன்றரை மாதமா என்று போனில் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நல்ல மாடல் வரவில்லை என்று நானும் மூன்று தடவை மழுப்பிவிட்டேன். பக்கத்தில் இனாஸ் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன சொல்வது? உண்மை என்னவென்றால், ஃபிக்ரி கடையில் மாடலுக்குப் பஞ்சமே இல்லை. எனக்குத்தான் சம்பந்தி வீட்டார் மேல் சந்தேகம். உடனே சிரிக்காதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

வீடும் கட்டிலும் பீரோவும் அவர்கள் பொறுப்பு, சமையலறை நம் பொறுப்பு என்றுதானே பேசி முடித்தோம்? முதல் தடவை கடைக்கு நான், இனாஸ், மாப்பிள்ளை ஹுசாம், அவன் அம்மா ஹாஜியம்மா புஸைனா, நான்கு பேரும் போனோம். புதுசாகக் குடித்தனம் போகிற இரண்டு பேருக்கு முந்நூறு லிட்டர் போதும் என்று நான் ஒரு வெள்ளை ஃபிரிட்ஜைக் காட்டினேன். ஹாஜியம்மா அதன் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் நானூற்று ஐம்பது லிட்டர் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடிக்காத குறையாகத் தடவிக்கொடுத்தாள். "பிள்ளைங்க நல்லா சாப்பிட்டு நல்லா வாழட்டும், இனாஸ் அம்மா. ஃப்ரீசரே இவ்ளோ பெருசு, எட்டு வாத்து வைக்கலாம் பாருங்க" என்றாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். புதுப்பெண்ணுக்கு எதற்கு எட்டு வாத்து? கல்யாணத்தன்று வழக்கப்படி நான் ஃபிரிட்ஜை நிரப்பிக் கொடுக்கும்போதே இரண்டு வாத்தும் ஆறு புறாவும்தான் கணக்கு.

அப்போது ஹுசாம் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, அந்தப் பெரிய பெட்டியின் அகலத்தை அளந்து, சீட்டைப் பார்த்துத் தலையாட்டினான். தறி மெக்கானிக் அல்லவா, சட்டைப் பையில் எப்போதும் டேப் இருக்கும். நான் எட்டிப் பார்த்தேன். எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தது. ஆனால் இவர்கள் குடியேறப்போகும் மேல்மாடிச் சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு விட்டிருக்கும் இடம் அறுபத்தைந்து சென்டிமீட்டர்தான். திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போன அன்றே என் தையல் டேப்பால் அதையும் அளந்து வைத்திருந்தேன். அறுபத்தைந்தில் எழுபத்திரண்டு எப்படி நுழையும்? கேட்டேன். "சுவரைக் கொஞ்சம் கொத்திரலாம் மாமி" என்றான். போன மாதம்தான் டைல்ஸ் ஒட்டிய சுவர்! வீட்டுக்கு வந்து இதை இனாஸிடம் சொன்னால், "அம்மா, நீ போலீஸ்ல சேந்திருக்கணும். மஹல்லாவுல ஒரு திருடன் மிஞ்சியிருக்க மாட்டான்" என்று சிரிக்கிறாள்.

ஃபிக்ரி மட்டும் யோக்கியமா? கம்ப்ரஸர் வெளிநாட்டுச் சரக்கு என்று தன் மூன்று பிள்ளைகள் மேலும் சத்தியம் செய்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்தான். அது போகட்டும்.

முக்கியமான விஷயம் அடுப்பில்தான் வெடித்தது. போன வியாழக்கிழமை ஓவன் வைத்த ஐந்து பர்னர் அடுப்பு ஒன்றை எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும் பிடித்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். கதவு மெத்தென்று மூடுகிறது, உள்ளே விளக்கு எரிகிறது. ஃபிக்ரி பேனாவை எடுத்துக்கொண்டு, "பைப் கேஸா, சிலிண்டரா? பர்னர்ல கேஸ் வர்ற ஜெட் ரெண்டுக்கும் வேற வேற. சொன்னா மாட்டியே அனுப்பிருவேன்" என்றான். ஹுசாம் யோசிக்கவே இல்லை. "பைப்" என்றான்.

ஷஃபீக், அந்த வீட்டில் பைப் கேஸ் கீழே ஹாஜியம்மா இருக்கும் பகுதிக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. மஞ்சள் குழாய் அவள் சமையலறை ஜன்னலோடு நின்றுவிடுகிறது. இனாஸ் போகப்போகும் மேல்மாடிக்கு ஏறவில்லை. "மேல ஏதுப்பா பைப்பு?" என்றேன். ஹாஜியம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஹுசாம் காதுமடல் சிவக்க, "மனு போட்டாச்சு மாமி. கல்யாணத்துக்குள்ள வந்துரும்" என்றான். மடியில் கனம் இல்லாதவனுக்கு ஏன் காது சிவக்க வேண்டும்? ஜெட்டை இப்போது மாட்ட வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபிக்ரியிடம் சொல்லிவிட்டு இனாஸைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

புதன்கிழமை.

ஸப்ரியின் பயணம் தள்ளிப்போய்விட்டது. பாஸ்போர்ட்டில் ஏதோ முத்திரை பாக்கியாம். நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் பாதிக் கடிதம்தான் உங்களுக்கு வந்திருக்கும்.

திங்கட்கிழமை நான் கேஸ் அலுவலகத்துக்குப் போனேன். என் தம்பி வீடு என்று பொய் சொல்லி ஹுசாமின் விலாசத்தைக் கொடுத்துக் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி நிதானமாகத் தேடிப் பார்த்துவிட்டு, "அந்த வூட்டுல கீழ் வூட்டுக்குக் குடுத்ததோட சரி. மேல் மாடிக்கு மனு எதுவும் வரலீங்கம்மா" என்றார். அவர் நல்ல மனிதர், டீகூட வாங்கித் தந்தார். பொய் சொன்னதற்கு அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

நேற்று ஊறுகாய் எலுமிச்சை ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். திரைச்சீலைக் கம்பியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சாவி வாங்கி மேலே ஏறினேன். சமையலறையில் ஹாஜியம்மாவின் பூண்டுச் சரங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இரண்டு மூட்டை வெங்காயம் வேறு. பாத்திரம் கழுவும் தொட்டி புத்தம் புதிது. குழாயைத் திருகினால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஃபிரிட்ஜ் வைக்கும் இடத்தில் பிளக் பாயின்ட்டே வைக்கவில்லை, ஷஃபீக். பார்த்தால் சமையலறை, உண்மையில் வெங்காயக் கிடங்கு.

கீழே இறங்கினேன். ஹாஜியம்மா டம்ளர் எடுக்க முன்னறைக்குப் போன நேரத்தில் அவள் சமையலறைக்குள் நுழைந்தேன். அவளுடைய பழைய ஃபிரிட்ஜைக் காணோம். கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அது இருந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பளிச்சென்று வைத்திருக்கிறாள். நான் குனிந்து என் டேப்பைப் போட்டேன். எழுபத்திரண்டு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துரு ஏறிய பழைய அடுப்பு கயிறு கட்டித் தயாராக இருக்கிறது, பழைய சாமான்காரன் வந்து தூக்கிப்போக.

தலையைத் தூக்கினால் வாசலில் டம்ளரோடு ஹாஜியம்மா! நான் தரையில் மண்டியிட்டு, கையில் டேப்போடு. வெட்கத்தில் எனக்குத்தான் வியர்த்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்து, "அளந்துட்டீங்களா? சரியா இருக்கா?" என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஒரு வூட்டுல எதுக்கும்மா ரெண்டு அடுப்பு? புதுப்பொண்ணு மேல தனியா பொங்கித் தின்னா, மாமியாரோட சண்டைன்னு தெருவே பேசும். நான் ஒண்டிக்கட்டை. என் புள்ள எனக்கு முன்னாடி ஒக்காந்து சாப்புடணும்னு நெனைக்கிறது குத்தமா?" அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. நடிப்போ என்று உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பொல்லாதவளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன்.

டீயைக் குடிக்காமல் வந்தேன். வழியெல்லாம் இனாஸிடம் எப்படிச் சொல்வது, கேட்டதும் அழுவாளே, நிச்சயத்தை முறித்துக்கொள்வாளோ என்று ஒரே யோசனை. அவள் அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: வெங்காயம், குழாய், எழுபத்திரண்டு, கயிறு. அவள் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்மா" என்றாள்.

ஹுசாம் மீலாது நபி அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டானாம். என்னிடம் சொல்ல வேண்டாம், நான் ஊரைக் கூட்டுவேன் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் மறைத்திருக்கிறார்கள். "அவன் என்ன பொய்யா சொன்னான்? எங்கிட்ட நெஜத்தைச் சொன்னான்ல? அவங்க அம்மா மனசு ஆறட்டும், ஒரே ஒரு வருஷம் கீழ சமைச்சுக்கோ, அப்புறம் மேல கேஸ் எடுத்து எல்லாத்தையும் ஏத்திரலாம்னு சொல்லியிருக்கான். ஒரு வருஷம்தானேம்மா" என்றாள். நான் பட்டாணித் தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஷஃபீக், இந்த வார்த்தையை எனக்குச் சொன்னது யார்? ஸமன்னூதில் உங்கள் அம்மா வீட்டு மாடிப்படியில், கல்யாணமான நான்காம் நாள், என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள். ஒரு வருஷம், இன்ஷிராஹ், அம்மா மனசு ஆறட்டும். நான் நம்பினேன். நீங்களும் நம்பித்தான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லோரையும் சந்தேகப்படுகிறவள் என்று என்னை நீங்கள் கேலி செய்வீர்களே, அந்த நாள் வரை நான் யாரையும் சந்தேகப்பட்டதில்லை.

என் அப்பா எனக்கு வாங்கித் தந்த ஃபிரிட்ஜ் உங்கள் அம்மாவின் சமையலறையில் நின்றது. அதன் சாவி உங்கள் அம்மாவின் இடுப்பில் இருந்தது. இனாஸ் வயிற்றில் இருந்தபோது ஒரு மத்தியானம், குளிர்ந்த கொய்யாப்பழம் ஒன்று தின்ன வேண்டும் போல் இருந்தது. சாவி கேட்டேன். தொழுதுவிட்டு வருகிறேன், பொறு என்றார். தொழுதார், தூங்கினார், எழுந்தார். நான் அந்தக் கதவின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். அல்லாஹ் அவருக்குக் கிருபை செய்யட்டும், அவரும் கெட்டவர் இல்லை. நீங்கள் வேலையிலிருந்து வந்தீர்கள். நான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் நடுவில் நின்று தவிப்பீர்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமலே விட்டது எத்தனையோ.

இனாஸுக்கு இது எதுவும் தெரியாது. அந்த வீட்டை விட்டு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவளுக்கு அது பாட்டி வீடு, அவ்வளவுதான். நேற்றுக்கூட, "நீயும் பாட்டி கூடத்தானே சமைச்சே? சண்டையே வந்ததில்லையே. அப்பா எவ்ளோ சந்தோஷமா இருந்தாரு" என்று என்னிடமே திருப்பிக் கேட்கிறாள். சந்தோஷமாகத் தெரிய வேண்டும் என்று பாடுபட்டவள் நான்தானே. இப்போது வாயைத் திறந்தால், அம்மா கல்யாணத்தைக் கெடுக்கப் பழைய கதை கட்டுகிறாள் என்பாள். என் பேச்சு இந்த வீட்டில் செல்லாது. ஃபிக்ரியின் பிள்ளைகளையே எண்ணிச் சந்தேகப்பட்டவள் அல்லவா நான்.

நிச்சயத்தை முறிக்கச் சொல்லவில்லை. ஹுசாம் நல்ல பையன்தான், அவளை ஏமாற்றவில்லை. ஹாஜியம்மா தனியாகச் சாப்பிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, தினமும் மேலே ஏறி வந்து என் மகள் கையால் சாப்பிடட்டும். ஆனால் அடுப்பு மேலே இருக்க வேண்டும். சிலிண்டர் என்றால் சிலிண்டர். சின்ன ஃபிரிட்ஜ் என்றால் சின்ன ஃபிரிட்ஜ். அவள் கொய்யாப்பழம் தின்ன யாரையும் கேட்கக் கூடாது.

ஹுசாமுக்குப் போன் செய்து சத்தம் போடாதீர்கள். எனக்கும் ஆறுதல் எழுத வேண்டாம். இனாஸுக்கு எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில், அவள் பெயருக்கு, தனிக் கவரில். நீங்கள் என்ன சொன்னாலும் நம்புகிற பெண் அவள். ஸமன்னூது மாடிப்படியில் உன் அம்மாவுக்கு ஒரு வருஷம் என்று வாக்குக் கொடுத்தேன் என்று எழுதுங்கள். அது எத்தனை வருஷம் ஆயிற்று என்பதையும் எழுதுங்கள். அந்த எண் உங்களுக்கு நினைவில்லாவிட்டால் நான் சொல்கிறேன், பதினொன்று.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். எழுத வரவில்லை. அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும், நம் மகளுக்கு ஒரு நல்ல வாழ்வைத் தரட்டும். கடிதம் கண்டவுடன் அவளுக்கு எழுதுங்கள், ஷஃபீக்.

உங்கள்
இன்ஷிராஹ்