ஒரே நாளில் இரண்டு ஊசி

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள என் மனைவிக்கு,

நானும் சுண்டெலியும் நலம். இந்த வரியை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டு நான்காவது தாளில் எழுதுகிறேன். உண்மை என்பதால்தான் எழுதுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ மகளுக்கு அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. ஒரு காலில் போட்டு மறு காலைப் பிடிப்பதற்குள் முதலாவதைக் கழற்றி வாயில் வைத்துக்கொள்கிறாள். கடைவாய்ப் பல் இரண்டு முளைத்திருக்கின்றன. நான் வேலைக்குப் போகும்போது எதிர் வீட்டுத் தையல்கார அக்கா பார்த்துக்கொள்கிறார். அவர் மெஷின் சத்தத்தில்தான் இவளுக்குத் தூக்கமே வருகிறது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் விடுதிப் போனில் உனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது இதைச் சொல்ல முடியாது.

பொது மருத்துவமனையில் ஒரு சோதனை நடக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு மாத இடைவெளியில் போடுகிற இரண்டு தடுப்பூசிகளை ஒரே நாளில் சேர்த்துப் போட்டால் உடம்பு தாங்குகிறதா, காய்ச்சல் கூடுகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டுமே பல வருஷமாகத் தனித்தனியாகப் போட்டு வருபவை. பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டு தொடையிலும் மருந்து. மீதிப் பேருக்கு ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். விடுபட்டது ஆறு வாரம் கழித்து; அன்றைக்கு மற்றப் பாதிக்கு உப்புத் தண்ணீர். யார் எந்தப் பக்கம் என்று நமக்கும் தெரியாது, ஊசி போடுகிற நர்ஸுக்கும் தெரியாது. சுண்டெலியை அதில் சேர்த்துவிட்டேன்.

தையல்கார அக்கா கேட்டார்: "ஊர்ல இத்தனை பிள்ளைங்க இருக்க, சோதிச்சுப் பார்க்க நம்ம பிள்ளைதானா கிடைச்சுது?" ஆள் ஏறுவதற்கு முன்னால் லிஃப்டில் இரும்புக் கட்டிகளை ஏற்றிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அவர் கேட்டது எனக்கு உறைக்காமல் இல்லை. நம் பிள்ளை இரும்புக் கட்டி இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஆனால் அந்த நர்ஸ் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள்: "ஒரே நாள்ல போட முடிஞ்சா, ரெண்டாவது தடவை வராம விட்டுப்போற பிள்ளைங்களே இருக்க மாட்டாங்க சார்." அதற்குப் பிறகு அவள் படித்துக் காட்டிய சம்மதப் பத்திரத்தின் ஒன்பது பக்கமும் என் காதில் ஏறவில்லை. திரும்பவும் படிக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் படித்தாள். கையெழுத்துப் போட்டேன்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கத்தான் நினைத்தேன். நீ "சாப்பிட்டீங்களா" என்றாய், நான் "ஆச்சு" என்றேன். நேரம் முடிந்துவிட்டது.

ஊசி போட்டு ஏழு நாள் ஒன்றுமில்லை. தெர்மாமீட்டரும், வீக்கத்தை அளக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலும், எழுதி வைக்க ஒரு அட்டையும் கொடுத்திருந்தார்கள். தினமும் எழுதினேன். எட்டாம் நாள் காலையில் உடம்பு சுட்டது, லீவு சொல்லிவிட்டேன். மருந்து கொடுத்தும் மத்தியானம் நூற்று மூன்று. அதை அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வெட்டு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, கை கால் இழுத்து, உதடு நீலமாகி. பயப்படாமல் படி. அது முடிந்துபோன விஷயம். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். எழுபது வினாடி. எழுபதையும் எண்ணினேன்.

தையல்கார அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து கார் பிடித்தார். மருத்துவமனைக்குப் போவதற்குள் அவள் கண் விழித்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னது இது: "காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைங்களுக்கு இப்படி வரும். பார்க்கிறவங்களுக்குத்தான் உயிர் போயிடும், குழந்தைக்கு ஒண்ணும் தங்காது." தொண்டையிலும் புண் இருந்ததாம். காய்ச்சல் அதனாலா, ஊசியாலா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார். சோதனையைக் கவனிக்கத் தனியாக ஒரு குழு இருக்கிறது. அவர்கள் எல்லாக் காகிதத்தையும் பார்க்கும் வரை புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பார்த்துவிட்டு, நடத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள் என்றபோது நிம்மதியும் வரவில்லை. மறுநாள் போய் ஏழாவது மாடியில் சிக்கியிருந்த லிஃப்டின் கதவைச் சரி செய்தேன். மேஸ்திரி "குழந்தை எப்படிய்யா இருக்கு?" என்றார். "நல்லாருக்கு" என்றேன், யார் வீட்டுப் பிள்ளையையோ சொல்வது போல. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. போன வருஷத்திலிருந்தே இப்படித்தான். இவளுக்கு இழுத்தபோதாவது மாறும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அடுத்த ஊசிக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. இப்போதே விலகிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா தானாகவே சொன்னார். விலகினால், இவளுக்கு எந்த மருந்து என்று எழுதி ஒட்டி வைத்திருக்கும் உறையைப் பிரித்துப் பார்த்து, விடுபட்டது ஏதாவது இருந்தால் தனியாகப் போட்டுவிடுவார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்கள். சோதனையில் தொடர்ந்தால் கடைசி வரை எழுதித் தர வேண்டும். இன்னொரு தடவை வெட்டு வராது என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

இந்தத் தடவை நான் தனியாக முடிவு செய்ய மாட்டேன். அன்றைக்கு நம் பெரியவனின் அட்டையில் இரண்டாவது ஊசிக்குத் தேதி எழுதியிருந்தும், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று சொன்னவன் நான். அந்த அடுத்த வாரம் ஒன்றரை வருஷம் ஆகி, அதற்குள் அந்த ஊசி தடுத்திருக்க வேண்டிய நோய் அவனை வந்து எடுத்துக்கொண்டது. நீ ஒரு தடவைகூட என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. நீ வேலை தேடி அவ்வளவு தூரம் போனது ஏன் என்று நானும் கேட்டதில்லை.

என்ன செய்யலாம் என்று எழுது. திட்டியும் எழுதலாம்.

இப்படிக்கு,
உன் கணவன்

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள என் மனைவிக்கு,

சுண்டெலி நலம். காய்ச்சல் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

உன் பதில் அந்த வாரமே வந்தது. நான்கே வரி. "முடிக்கட்டும். அன்னிக்கு நானும் வீட்டிலதான் இருந்தேன். அடுத்த வாரம்னு நீங்க சொன்னப்போ சரின்னு சொன்னது நான்தான். அதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமத்தான் இங்க வந்தேன்." எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் மெஷின் அறையில் உட்கார்ந்து படித்தேன். மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நின்றோம். ஊசி போட்டார்கள். மருந்தா, உப்புத் தண்ணீரா, தெரியாது. சுண்டெலி நர்ஸின் கையைக் கடித்துவிட்டாள். "நல்ல பல்லு" என்றாள் நர்ஸ். பதினான்கு நாளும் எழுதினேன். அதிகமாக ஏறியது தொண்ணூற்று ஒன்பதரை, அதுவும் ஒரே நாள். வெட்டு வரவில்லை. நேற்று அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் முடித்த பிறகுதான் உறைகளைப் பிரிப்பார்களாம். அடுத்த வருஷம் ஆகும். சேர்த்துப் போடலாமா கூடாதா என்று அப்போதுதான் தெரியும். எது வந்தாலும் அந்தக் கணக்கில் நம் பிள்ளையின் எழுபது வினாடியும் இருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. வெட்டு வந்த பிள்ளை என்பதால் குடும்ப விவரத்தைத் திரும்பக் கேட்டு எழுதினார்கள். "கூடப் பிறந்தவங்க யாராவது?" என்று கேட்டாள் நர்ஸ். முதல் தடவை கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தேன். இப்போது, "ஒரு அண்ணன் இருந்தான்" என்றேன். எந்த வயதில், எதனால் என்று கேட்டாள். மூன்று வயது நிரம்ப இருபது நாள் இருந்தது என்றேன். எதனால் என்றும் சொன்னேன். நோயின் பெயரை எழுதிவிட்டு, "பையன் பேரு?" என்றாள். அந்தப் படிவத்தில் பெயருக்கு இடமே இல்லை, பிறகுதான் பார்த்தேன். சும்மா கேட்டிருக்கிறாள்.

பெயரைச் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. மடியில் இருந்த சுண்டெலி அண்ணாந்து பார்த்து, பாதிப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும், புது வார்த்தை என்று நினைத்திருப்பாள். வீடு வந்து சேரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். தெருவில் நின்று அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேலையிடத்தில் குளிர்ந்த தண்ணீரில் ரொம்ப நேரம் கை வைத்து நிற்காதே. வா என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். நீயும் கேட்காதே. பின்னால் எத்தனை பேர் நின்றாலும் பரவாயில்லை, அவன் பெயரை ஒரு தடவை சொல். போனைச் சுண்டெலியின் காதில் வைத்திருப்பேன், அவள் மீதியைக் கற்றுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நம் இரண்டு பிள்ளைகளின் அப்பா