மடு மாதா நுவரெலியாவில் இல்லை

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை-4
8-2-1949

அன்புள்ள மகன் ஸ்தனிஸ்லாஸுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் உன் அப்பாவும் நானும் சுகம், என் முழங்கால் வலி மட்டும் இருந்தபடியே இருக்கிறது. கொழும்பில் நீயும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டேன். அந்தச் சுகம் வருகிற சனிக்கிழமையோடு முடிந்துவிடக் கூடாதே என்றுதான் விமானத் தபாலில் இதை அனுப்புகிறேன். உட்கார்ந்து படி. உன்னோடு ஒரே அறையில் இருக்கும் அந்த ரகுபதியையும் பக்கத்தில் உட்காரச் சொல், இதில் அவனுக்கும் பங்கு உண்டு.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்குப் பொறுமை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசையில் உங்கள் முதல் ஓலை வாசித்தாயிற்று. ஸ்தனிஸ்லாஸுக்கும் வில்லியம் மகள் ஐரினுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று சாமியார் வாசித்தபோது பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் ஐரின் பக்கம் திரும்பிற்று, அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை, அப்புறம் இருபத்து மூன்றாம் தேதி புதன்கிழமை கலியாணம். அதற்கு அடுத்த புதன் சாம்பல் புதன், தபசு காலம் தொடங்கிவிடும், பாஸ்குத் திருநாள் முடிகிற வரைக்கும் எந்தக் கோயிலிலும் தாலி ஏறாது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன வருஷமே நடந்திருக்க வேண்டிய கலியாணம் இது, உனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது என்று தள்ளிப் போட்டோம், அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தாள். வீட்டுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, நொச்சிக்குப்பத்தில் வஞ்சிரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டு விருந்து எப்படிப் போடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளைத் துரை மட்டும் வர வேண்டும்.

அந்தத் துரை எழுதுகிறார், கலியாணத்துக்கு முன்னால் மடு மாதாவைக் கண்டு வேண்டிக்கொண்டு வர ஆசையாக இருக்கிறது அம்மா, ரயிலில் ஒரே கூட்டம், ஆகையால் ரகுபதியும் நானும் நாலு நாளைக்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிறோம் என்று. மாதா பேரைப் பார்த்ததும் நான் உருகிப் போனேன். மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தையை அவளுக்காக விழுங்கிக்கொண்டேன். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று என் மகன் மடுவுக்குப் போகிறான், கலியாணத்துக்கு முன் வேண்டிக்கொள்ளப் போகிறான், இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை செய்யும் என்று எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன், சாமியாருக்கும் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு, பார், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்து மதர் தன் பேரில் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொன்னார்கள். கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளையின் மனைவி தன் குழந்தைக்குப் பேச்சு வர வேண்டும் என்று ஒரு திரி சொன்னாள். ஐரினுடைய அம்மா மடுக் கோயில் மண் ஒரு பிடி கேட்டாள், வீட்டில் வைத்தால் பூச்சி பொட்டு அண்டாதாம். என் முழங்காலுக்கு நானும் ஒரு திரி சேர்த்துக்கொண்டேன். இவ்வளவும் உன் தலையில் வாங்கி வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்து வந்தேன், என் புத்தியை எதால் அடிப்பது?

நேற்று தண்ணித்துறை மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரகுபதியின் அம்மா கோமளம் பின்னால் வந்து தோளைத் தொட்டாள். "டீச்சர், கேட்டேளா, எங்காத்து ரகு எழுதியிருக்கான், சனிக்கிழமை உங்க பிள்ளையோட நுவரெலியா போறானாம், பூந்தோட்டமெல்லாம் பாத்துண்டு, அருவியெல்லாம் பாத்துண்டு வரப்போறாளாம். அங்கே ரொம்பக் குளிருமாமே, கம்பளி சட்டை அனுப்பலாமான்னு பாக்கறேன்" என்றாள். நான் மடுவுக்கு இல்லையா என்றேன். "மடுவா, அது என்ன ஊர், அப்படி ஒண்ணும் அவன் எழுதலையே" என்றாள். எனக்குக் கத்திரிக்காய் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவள் விடாமல் மேலே சொன்னாள், வண்டி யுத்தம் முடிந்து ராணுவத்துக்காரர்கள் விற்றுத் தள்ளியதாம், நல்ல வேகம் போகுமாம், "பிரேக்குதான் சித்த மந்தமாம், கீழே இறங்கறச்சே மட்டும் பாத்துக்கணுமாம், உங்க பிள்ளைதான் ஓட்டப்போறானாமே" என்றாள். அவள் பிள்ளை அவளிடம் ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறான், என் பிள்ளை மாதாவை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறான். அடேய், பொய் சொல்வதென்றால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே பொய்யாகச் சொல்லியிருக்கக் கூடாதா, மயிலாப்பூரில் இரண்டு அம்மாக்களும் ஒரே மார்க்கெட்டில் காய் வாங்குகிறார்கள் என்பது மறந்துபோயிற்றா?

நேரே பள்ளிக்கூடம் போய் இலங்கைப் படத்தை எடுத்து விரித்தேன். நாலாம் வகுப்புக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். மடு வடக்கே மன்னார்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கிறது. நுவரெலியா கண்டியையும் தாண்டித் தெற்கே மலைமேல் இருக்கிறது. மடு மாதா எப்போது நுவரெலியாவுக்குக் குடிபோனாள் என்று எனக்குத் தெரியவில்லை, போயிருந்தால் சாமியாருக்காவது சொல்லி அனுப்பியிருப்பாள். ஊர் சுற்ற ஆசையாக இருக்கிறது அம்மா என்று எழுதியிருந்தால் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். மாதா பேரைச் சொல்லி என்னை ஏமாற்றினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டி ஓட்ட நீ எப்போது கற்றுக்கொண்டாய்? கிறிஸ்மஸுக்கு அப்புறம்தானே? ஒரு மாதம் கடற்கரை ரோட்டில் நேராக ஓட்டிவிட்டு மலை ஏறப் போகிறாய். இறங்கும்போது மட்டும் பார்த்துக்கொள்வாயாம். மலையில் இறங்கும்போது உதவாத பிரேக் அப்புறம் எதற்கடா, கூடத்தில் மாட்டி வைக்கவா? இன்று காலை உன் கலியாணக் கோட்டு விஷயமாகத் தையற்காரர் வஹீத் பாயிடம் போனேன், ஆற்றாமை தாங்காமல் அவரிடமும் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, மாப்ள மலை மேல மோட்டார் சைக்கிள்ல போய்க்கினு வரப்போறாரா? அப்ப ஒண்ணு இப்பவே சொல்லிடுங்க, கையில கட்டுப் போட்டுக்கினு வந்தா இந்தக் கோட்டு ஏறாது. எந்தக் கைன்னு தெரிஞ்சா அத்த லூசா வெட்டிடறேன்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது லீவுக் கதைக்கு வருகிறேன். ஜனவரியில் நிச்சயதார்த்தத்துக்கு வா என்று எத்தனை கடிதம் எழுதினோம். லீவு ஒரு நாள்கூடத் தரமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதினாய். சரி என்று உன் போட்டோவை ஐரின் பக்கத்தில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துச் சடங்கை நடத்தினோம். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றிருந்தேன், இப்போது எழுதுகிறேன். மாலை மாற்றுகிற நேரத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்த உன் சித்தி தெரியாத்தனமாக ஒரு மாலையை எடுத்து உன் போட்டோவுக்குப் போடப் போனாள். நான் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டேன், மாலை அறுந்து பூவெல்லாம் தரையில் கொட்டிற்று. எந்தப் போட்டோவுக்கு மாலை போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு என் கை எட்டிற்று, தட்டிவிட்டேன். நீ அந்த மலையில் உருண்டாயானால் நான் யார் கையை எப்படித் தட்டிவிடுவேன்? அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது ஸ்தனிஸ், அவ்வளவுதான். நிச்சயத்துக்குக் கிடைக்காத லீவு மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் நாலு நாள் கிடைத்திருக்கிறது.

உன் அப்பாவின் யோக்கியதையையும் கேள். நேற்றுச் சாயங்காலம் நான் வீட்டில் கத்திக்கொண்டிருக்கும்போது மெதுவாக எழுந்துபோய் அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றாலே உள்ளே ஏதோ இருக்கிறது. தள்ளிவிட்டுத் திறந்தால் மோட்டார் ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அந்தப் பெரிய கண்ணாடி! மூர் மார்க்கெட்டில் உனக்காக வாங்கி வைத்திருக்கிறார். அவருடைய ஆபீஸுக்கு நீ தனியாக எழுதினாயாம். பிள்ளை நாலு நாள் சந்தோஷமாகச் சுற்றிவிட்டு வரட்டுமே, கலியாணம் ஆன பிறகு எங்கே போகப் போகிறான் என்கிறார். இவர் கலியாணம் ஆகி எந்தச் சங்கிலியில் கிடந்தார் என்று கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து ரவிக்கைத் துணி காட்ட ஐரின் வந்து நின்றாள். மேஜையில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த இலங்கைப் படமும் கண்ணாடியும் கிடந்தன, என்ன அத்தை என்று கேட்டாள், என்னால் அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். படத்தில் நுவரெலியா எங்கே என்று விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றாள். உன் அப்பா சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "நிச்சயத்தன்னிக்கு நாற்காலி பக்கத்துல உக்காந்தேன் அத்தை. கலியாணத்தன்னிக்கும் நாற்காலிதானா?" என்றாள். "ஊர் சுத்தறது தப்புன்னு நான் சொல்லலை. கலியாணத்துக்கு அப்புறம் நல்ல பிரேக் இருக்கிற வண்டியா எடுக்கட்டும், பின்னாடி நான் உக்காந்துக்கறேன்" என்றாள். நீ வேறு கிளம்பிவிட்டாயா என்று அவளையும் கத்தினேன். அதற்கு அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசிப்பதற்குள் நீ போகவில்லை என்று தந்தி வர வேண்டுமாம், வராவிட்டால் தடை இருக்கிறது என்று அவளே சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவாளாம். என்னடி தடை என்றேன். "மாப்பிள்ளை எங்க இருக்காருன்னு அவங்க அம்மாவுக்கே தெரியாது, அதான் தடைன்னு சொல்வேன்" என்றாள். கண்ணாடியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் அவரே வந்து என்னிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மிரட்டுகிறாள் என்று நினைக்காதே, நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஆகையால் சொல்கிறேன் கேள். வாடகை வண்டியைத் திருப்பிக் கொடு, முன்பணம் போனால் போகட்டும். கிடைத்த நாலு நாள் லீவைக் கலியாண லீவோடு சேர்த்துக்கொண்டு உடனே தலைமன்னாருக்கு ரயில் ஏறு, கப்பல் ஏறு, எழும்பூரில் நான் வந்து நிற்கிறேன். கலியாணம் முடிந்து ஐரினைக் கொழும்புக்கு அழைத்துப் போகும்போது வழியில் அவளோடு இறங்கி மடுவுக்குப் போய் அத்தனை பேர் மெழுகுதிரியும் ஏற்ற வேண்டும், மண்ணும் அனுப்ப வேண்டும், அதில் ஒன்று குறைந்தாலும் நான் கோயில் வாசலில் தலைகாட்ட முடியாது. குளிரில் திரியாதே, வயிறு காய விடாதே, ரகுபதிக்கு அவன் அம்மா அனுப்பும் கம்பளியை வாங்கி நீ போட்டுக்கொள்ளாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக, நீ செய்த காரியத்துக்குக் காப்பாற்ற வேண்டியதில்லை, இருந்தாலும் காப்பாள். தந்தி சனிக்கிழமைக்குள் வர வேண்டும், போகவில்லை என்ற ஒரு வார்த்தை போதும். வஹீத் பாய் கோட்டின் உடம்பைத் தைத்து முடித்துவிட்டார். கை இரண்டையும் தைக்க வேண்டாம், என் மகனிடமிருந்து தந்தி வரட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா
பியாட்ரிஸ்