படத்தில் நிற்காதவள்

இன்று காலை சுவரிலிருந்து நம் போட்டோவைக் கழற்றினோம். சட்டம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. படங்களுக்கு வர்ணம் தீட்டுகிற ஒருவரை மகள் கூட்டிவந்திருந்தாள். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அதற்குள் உனக்கு ஒரு முகம் எழுதி மாலை போட வேண்டும் என்பது அவள் ஆசை. உன் படம் என்று இருப்பது இது ஒன்றுதான். அதிலும் நீ முழுசாக இல்லை.

வேலூர்ப் படக்காரர் மாட்டுவண்டியில் பெட்டியோடு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஆரணியில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்குத்தான் பித்து. இரவல் நாற்காலியில் தலைப்பாகையோடு உட்கார்ந்து, உன்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்தேன். தறியில் ஏற்ற வேண்டிய நம் பாவு நூல் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. பண்டிகைக்குள் சேலையாக்கித் தருவதாக வாக்குக் கொடுத்து வாங்கிய பட்டு. வானம் மூட்டமாக இருந்ததால் படம் விழ அதிக நேரம் எண்ண வேண்டும், அதுவரை யாரும் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் படக்காரர் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

பாதி எண்ணிக்கையில் தூறல் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பாவு நனஞ்சிகினு இருக்குது. போட்டோ எங்க ஓடிடப் போவுது, ஜல்தி எழுந்து வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினாய்.

எண்ணி முடியட்டும் என்று நான் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தேன். நீயும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பாவைச் சுருட்டி உள்ளே சேர்த்தீர்கள். ஓர் இழையிலும் சாயம் இறங்கவில்லை. அந்தப் பண்டிகைக்கு நம் வீட்டில் அடுப்பு எரிந்தது உன்னால்தான்.

படம் வந்தது. நான், நாற்காலி, கதவு எல்லாம் அச்சு அசலாக விழுந்திருந்தன. நீ நின்ற இடத்தில் ஒரு புகை. அதன் வழியே கதவின் தாழ்ப்பாள் தெரிந்தது. பார்த்தவர்கள் பேய் என்றார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நிற்பவரைத்தான் பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடித் தகடு பிடிக்கும், ஓடுபவர் அதில் தங்கமாட்டார் என்றார் படக்காரர். என் தறி, என் சேலை, என் பேர் என்று ஊர் சொன்ன எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தப் புகைதான் இருந்தது. நன்றி என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நமக்கு அது வழக்கமும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

வர்ணக்காரர் புகையின் மேல் மை பூசி, மகளின் சாயலில் ஒரு முகம் எழுதிவிடலாம் என்றார். அவர் தூரிகையை எடுத்ததும் படத்தைக் கையால் மூடிக்கொண்டேன். இருந்த உன்னையும் அழித்துவிடுவார் என்று பயந்து, வேண்டாம் என்றேன்.

"என் புள்ளைங்களுக்கு ஆயா மூஞ்சி தெரிய வேணாமாப்பா?" மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆயா எங்க ஓடுனாங்கன்னு சொல்லும்மா. அது போதும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்திலிருந்த புகையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, அப்பாவின் தலைப்பாகைக்கு மட்டும் வர்ணம் போடுங்கள் என்றாள். அவர் பச்சை அடித்துவிட்டார். நீ இருந்தால் கிளி என்று கூப்பிட்டே என் மானத்தை வாங்கியிருப்பாய். உன் மேல் ஒரு துளி மை படவில்லை. பழைய ஆணியிலேயே மாட்டியாயிற்று.

ஜன்னலில் மண் வாசனை அடிக்கிறது. தெருவில் நம் பாவு கட்டியிருக்கிறது. மடலை இப்படியே விடுகிறேன். தூறுகிறது, நான் ஓடுகிறேன்.