என் கடையில் நீ வேலை பார்க்கவில்லை

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. இதை எழுதுவது அப்பாதான், நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதும் கடிதம் இல்லை. எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாய். இன்றோடு ஐந்து நாளாக எழுதுகிறேன், கடையில் ஆள் வராத நேரத்தில் கண்ணாடி வெட்டும் மேசையில் வைத்து எழுதுவதால் காகிதத்தில் எங்காவது பசை ஒட்டியிருக்கும், பார்த்துப் பிரி. எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் டீச்சரம்மா வகுப்பில் நாங்கள் ஏழு பேர், வயதில் நான்தான் மூத்தவன், பேச்சிலும் நான்தான் முதல் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மொட்டைமாடிக்கு அவளே ஏறிப் போய்த் துணி காயப்போடுகிறாள். அக்காவுக்குப் பக்கத்துக் கிளைக்கே மாற்றல் வந்துவிட்டது, நடந்தே வேலைக்குப் போகிறாள், அதனால் காலையில் வீட்டில் யாரும் யாரையும் விரட்டுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் அம்மாவிடம் சொன்னாய், மூக்குக் கண்ணாடிக் கடை வேலையை இந்த மாதக் கடைசியோடு விட்டுவிடப் போகிறேன், சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை வருமான வரி என்று பிடித்துக்கொள்கிறார்கள், மிச்சத்தில் அறை வாடகை தேறாது, பழையபடி சித்தப்பா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று. அம்மாவும், 'விட்டுத் தொலையட்டும், அடுத்தவங்க கண்ணாடியைத் தேய்ச்சுத் தேய்ச்சு இவன் கண்ணு போயிடும்' என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சித்தப்பா நல்லவர்தான், அவர் வீட்டுக் கூடத்தில் டி.வி. ஓயாது. அங்கிருந்து கல்லூரிக்குப் போக இரண்டு மணி நேரம் பஸ், வர இரண்டு மணி நேரம். போன வருஷம் நீ அங்கே இருந்தபோதுதான் இரண்டு பாடம் போயிற்று, இந்த வருஷமும் போனால் படிப்பில் வைத்திருக்க மாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும் என்று அம்மா கேட்டதால் வேலையில் சேர்ந்த காகிதங்களையும் முதல் சம்பளச் சீட்டையும் நகல் எடுத்து அனுப்பினாய் அல்லவா, அந்த உறை அலமாரியில் பிரிக்காமலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நல்லவேளை, மேலே ஒரு மொழி, கீழே நம் மொழி என்று அச்சடித்திருக்கிறார்கள். எண்கள் எனக்கு எப்போதும் தெரியும், நாற்பது வருஷமாக அளந்து வெட்டியவன், எழுத்துதான் புதிது. நீங்களெல்லாம் மாடிப்படியில் ஓடி இறங்குவது போலப் படிக்கிறீர்கள், நான் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறவேண்டும், ஒரு படியைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் படித்தேன், அடியில் இருக்கிற அச்சகத்தின் முகவரியைக்கூட. வரித் தொகைக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், இரண்டாம் வேலைக்குரிய விகிதம் என்று எழுதியிருக்கிறது. விகிதம் என்றால் என்ன என்று பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் கேட்டேன். 'நீர் படிக்கக் கத்துக்கிட்டதிலேர்ந்து நான் ஊசியில நூல் கோத்த பாடில்ல' என்று சலித்துக்கொண்டாலும் சொல்லிக்கொடுத்தார், கூடவே, 'இது ரெண்டாவது வேலைன்னா மொத வேலை எது, பையன் உமக்குத் தெரியாம வேற எங்கயோ சம்பாதிக்கிறான் போல' என்று ஒரு கொக்கியும் போட்டார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை.

மற்ற காகிதங்களை மேசையில் பரப்பி அந்த முதல் வேலையைத் தேடினேன். வரிப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, வேறு இடத்தில் வேலை பார்க்கிறீர்களா என்று. ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறாய். எங்கே என்ற இடத்தில் நீ எழுதியிருந்ததை மட்டும் நான் எழுத்துக்கூட்டவே இல்லை, பார்த்ததும் தெரிந்தது. நம் கடைப் பெயர். வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் நான் படிக்கப் பழகியதே நம் பெயர்ப் பலகையைத்தான். எத்தனை காலமாக என்ற இடத்தில் ஒன்பது வருடம் என்று வேறு போட்டிருக்கிறாய். வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் அனுபவம் என்று இதை எழுதினாய், கண்ணாடியைப் பிடிக்கத் தெரிந்தவன் என்று அந்த மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளியம்மா உன்னைச் சேர்த்துக்கொண்டார், அதுவரை சரி. அதே கையோடு வரிக்காரர்களுக்கும் அதையே எழுதிவிட்டாய். எனக்கு விரலை அந்த இடத்திலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. ஒருவர் ஜன்னல் கண்ணாடிக்கு அளவு கொண்டுவந்தார், அரைமணி கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வரிக் கணக்கு எழுதித்தருகிற ஒருவர், மகள் பட்டம் வாங்கிய படத்துக்கு பிரேம் போட வந்தார். சீட்டைக் காட்டினேன். 'படிக்கிற பையன் இவ்வளவு சம்பாதிச்சா வரியே கிடையாது ஐயா, ஆனா அந்தச் சலுகை முதல் வேலைக்கு மட்டும்தான். ரெண்டாவதுன்னு எழுதினா முதல் காசுலேர்ந்தே பிடிச்சுடுவாங்க. உங்க கடையில சம்பளம் வாங்கினானா' என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். டீக்கு வரி இல்லை என்றார். நீ செய்யவேண்டியது இதுதான். புதுப் படிவம் வாங்கி ஒன்பதாவது கேள்விக்கு இல்லை என்று குறி போட்டு, நீ இங்கே வேலை பார்க்கவில்லை என்று என் கடையிலிருந்து ஒரு கடிதமும் சேர்த்து முதலாளியம்மாவிடம் கொடு, அவர் வரி அலுவலகத்துக்கு அனுப்புவார். சரிசெய்த பிறகு பிடிக்க மாட்டார்கள், பிடித்ததும் திரும்பி வரும். இரண்டு மாதம் இழுக்கலாம், அதுவரை வாடகையில் குறைவதை அக்கா அனுப்புகிறாள். வேலையை விடாதே என்று அவள் போனில் சொல்லியிருப்பாள். காரணத்தைச் சொல்லாதே என்று தடுத்தவன் நான்தான், கண்டுபிடித்தவன் நான், நான்தான் சொல்லவேண்டும்.

கடிதத்தைத் தானே டைப் அடித்துத் தருகிறேன், பெருவிரலை வைத்தால் போதும் என்று அந்தக் கணக்குக்காரர் சொன்னார். மைப்பெட்டி காய்ந்துவிட்டது என்றேன். நானே எழுத உட்கார்ந்தேன், மூன்று காகிதம் வீணாயிற்று. விடுமுறையில் வந்து உதவி செய்தான் என்று எழுதியிருந்தேன், அலுவலகத்துக்குப் போகிற கடிதம், செய்தார் என்று எழுதுங்கள் என்றார் டீச்சரம்மா, உன்னை அவர் இவர் என்று எழுத எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை பார்க்கவில்லை என்ற இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதில் கண்ணாடி விளிம்பில் விரலைக் கிழித்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாதீங்க என்று கட்டுப் போட்டுக்கொண்டவன் நீ. டீச்சரம்மாவிடம் சொன்னேன். சம்பளம் இல்லை என்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள், வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை என்றார். சரி என்று எழுதிவிட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் வாழ்நாளில் முதல் கையெழுத்து, அதுவும் உன்னை வேலையிலிருந்து நீக்குவதற்கு. அக்கா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

இந்த உறையிலேயே அந்தக் கடிதம் இருக்கிறது, மடிப்பு கலையாமல் கொடு. அந்த முதலாளியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். லென்ஸ் தேய்க்கும்போது விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, எதில் கையெழுத்துப் போட்டாலும் சின்ன எழுத்தையும் படி. உன் பழைய படிவத்தின் நகலைத் திருப்பிக் கேட்காதே. வரி அலுவலகத்துக்கு அது தப்பு, அதனால் அங்கே மாற்றிக்கொடு. எனக்கு அது தப்பில்லை, நல்ல மரமாகப் பார்த்து பிரேம் போட்டு மேசைக்கு எதிரே மாட்டிவிட்டேன். நாற்பது வருஷமாக ஊரார் பட்டங்களுக்கெல்லாம் பிரேம் போட்டேன், ஒன்றையும் படித்ததில்லை. தையல்காரர் வந்து, 'இது என்ன சர்டிபிகேட், யாரோடது' என்று கேட்டார். என்னுடையது என்று சொல்லி, ஒன்பதாவது கேள்வியிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினேன்.

நீ நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். மாதக் கடைசிக்குள் படிவத்தைக் கொடுக்க மறக்காதே.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய
உன் அப்பா