கேட்டு வரைக்கும் அறுபது செங்கல்

செங்கல்லுப் பைத்தியம் பிடிச்ச என் ஆசை அண்ணே,

எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டேன். நீ போன இடத்துல நல்லாத்தான் இருப்ப. அங்கயும் எவன் வீட்டுச் சுவத்தையாவது சுரண்டிப் பாத்துக்கிட்டு நிப்ப. நான்தான் இங்க மூணு நாளா முதுக நிமிர்த்த முடியாம கிடக்கேன். எல்லாம் உன்னாலதான்!

நீ போயி எட்டு மாசமாச்சு. இத எல்லாருக்கும் அனுப்பப் போறேன், நம்ம சொந்தக்காரங்களும் உன் கூட்டாளிங்களும் படிப்பாங்க. படிக்கட்டும். நீ கல்லு பொறுக்குறதப் பாத்து சிரிச்சவங்கதான எல்லாரும்? அதுல முதல்ல சிரிச்சவ நானு. இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கறேன், அப்புறம் மறந்துருவேன்.

லோரி ஓட்டுன காலத்துல தோட்டம் தோட்டமாப் போயி, சூளைப் பேரு அடிச்ச பழைய கல்லாப் பாத்துத் தூக்கிட்டு வருவ. சுங்கை சிப்புட் பக்கம் அந்த ரப்பர் ஸ்டோர உடைச்சப்ப மத்தவங்க தகரம், பலகைன்னு ஏத்துனாங்க. நீ மட்டும் தரையப் பேத்துக்கிட்டு வந்த. அண்ணி அன்னைக்கு மீன் வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. மீனுக்குப் பதிலா நாப்பது கல்லு வந்துச்சு.

அந்தக் கல்ல எல்லாம் வெச்சு ஈப்போ வீட்டு வாசல்ல இருந்து கேட்டு வரைக்கும் பாதை போட்ட. ஓரத்துல அங்கங்க ரெண்டொரு மொட்டைக் கல்லு, மத்ததுல எல்லாம் பேரு மேல தெரியற மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. கேட்டுக்கு முன்னாடி அஞ்சாறு அடி மட்டும் பாக்கி. "அறுபது கல்லு ஒரு இடத்துல இருக்கு, அடுத்த வாரம் எடுத்தாந்துருவேன்"ன்னு சொன்ன ஆளு, அடுத்த வாரம் நீயே இல்ல.

போன மாசம் மழை விட்ட ஒரு காலையில அண்ணி அந்தப் பாதையில வழுக்கி விழுந்துட்டாங்க. பதறாத. மணிக்கட்டுல எலும்பு விரிசல் விட்டுருச்சு, கட்டுப் போட்டிருக்கு. ஆனா உன் மகன் தினேஷ் பயந்துட்டான். "அத்தே, திங்கக்கிழம ஆள் வாரான். எல்லாத்தையும் சிமெண்ட் ஊத்தி மூடப் போறேன்"னான்.

"அது உங்கப்பா கல்லுடா"ன்னேன்.

"அப்பா கல்லு மேலதான் அம்மா விழுந்தாங்க"ன்னான்.

அதுவும் நியாயம்தான். ஆனா என் வாய் சும்மா இருக்குமா? பாதி கல்லு, பாதி மண்ணுன்னு ஏத்த இறக்கமாக் கிடக்கறதாலதான் விழுந்தாங்க, மீதிக் கல்லக் கொண்டாந்து சமமாப் போட்டுடறேன், ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம் குடுன்னு சண்டை போட்டேன். அவன் உன் மகன்லா, லேசுல விடுவானா? "ஞாயிறு சாயங்காலம் அம்மா யாரையும் புடிக்காம வாசல்ல இருந்து கேட்டு வரைக்கும் நடந்து காட்டட்டும். இல்லன்னா சிமெண்ட்தான்"னுட்டான்.

உன் போனத் தேடிப் பாத்தேன். "கல்லு, பாரிட் புந்தார்"னு ஒரு நம்பர். அடிச்சேன். ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி எடுத்தாரு. "அறுபது கல்லும் பத்திரமா இருக்கு அக்கா, அண்ணனுக்குன்னு எடுத்து வெச்சதுதான், ஆனா..."ன்னாரு. "சரி சரி, சனிக்கிழம வாரோம்"னு வெச்சுட்டேன். அந்த ஆனாவக் கேட்டிருக்கணும்.

அண்ணி நானும் வாரேன்னு கிளம்பிட்டாங்க. "கட்டோட எங்க வாரீங்க, கம்முன்னு இருங்க"ன்னேன். "கையிலதான கட்டு, காலுலயா?"ன்னு கேட்டுட்டுக் காடியில முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டாங்க. பாரிட் புந்தார் வரைக்கும் வாய் ஓயல. உன்னப் பத்தித்தான். நீ அவங்களப் பொண்ணு பாக்க வந்தப்ப அவங்க வீட்டுப் படிக்கட்டையே உத்துப் பாத்துட்டு இருந்தியாமே? பொண்ணு வெக்கப்படணும்னு உக்காந்திருக்கு, மாப்பிள்ளை படியப் பாக்குறாருன்னு சொல்லி அப்படி ஒரு சிரிப்பு.

வயல் எல்லாம் தாண்டி அந்தக் கடைக்குப் போய்ச் சேந்தா, முதலாளி தலையில கைய வெச்சாரு. "கல்லு இங்க இல்ல லா அக்கா. என் தம்பி கடையில, பாகான் டத்தோல இருக்கு. அதச் சொல்றதுக்குள்ள போன வெச்சுட்டீங்க." பேரா மாநிலத்தோட அந்தக் கோடியில நாங்க, இந்தக் கோடியில கல்லு! அண்ணி என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "அண்ணனுக்கேத்த தங்கச்சி"ன்னு மட்டும் சொன்னாங்க.

அவரு உன்னக் கேட்டாரு. "அண்ணன் வரலயா?" அண்ணி மெதுவா, "அவரு தவறிட்டாருப்பா"ன்னாங்க. அந்த மனுசன் கல்லாவ விட்டு எழுந்து வந்து எங்க மேசையில அப்படியே உக்காந்துட்டாரு. நீ மூணு தடவ அந்தக் கடைக்குப் போயிருக்கியாம். மூணு தடவையும் பேச்செல்லாம் கல்லப் பத்தியாம், ரொட்டி ஆறிப் போச்சாம். எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு. முன்னால இருந்த தே தாரிக் டீய மடக்கு மடக்குன்னு குடிச்சு சமாளிச்சேன்.

திரும்பிப் போயிடலாமான்னு கேட்டேன். "திங்கக்கிழம சிமெண்ட் வருது விஜயா, ஓட்டு"ன்னாங்க அண்ணி. கடலோர ரோட்டப் புடிச்சு, சித்தியவான் தாண்டி, செம்பனையும் தென்னையுமாப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போயி, பாகான் டத்தோ போறப்ப மணி நாலு.

கடைக்குப் பின்னால தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தாரு அந்தத் தம்பி. தேங்காத் தோட்டத்துல கொப்பரை காயப்போட்ட களத்துக் கல்லாம். களத்த உடைச்சப்ப அவரே பேத்து எடுத்தாராம். ஒண்ணத் தூக்கிப் பாத்தேன். எழுத்து நேத்து அடிச்ச மாதிரி அப்படியே இருக்கு. "இத்தன வருசம் ஆளுங்க மிதிச்சும் தேயலயே?"ன்னு கேட்டேன்.

அவரு சிரிச்சாரு. "எங்க மிதிச்சாங்க? பேரெல்லாம் மண்ணுப் பக்கம் லா அக்கா. மேல மொட்டையாத்தான் இருந்துச்சு. பேர மேல வெச்சா அந்த எழுத்துப் பள்ளத்துல தண்ணி நிக்கும், பாசி புடிக்கும். அப்புறம் எப்படி நடக்குறது?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. நீ போட்ட பாதை முழுக்கப் பேரு மேலதான. அண்ணியத் திரும்பிப் பாத்தா, அவங்க அந்தக் கல்லு அடுக்கு மேலயே உக்காந்துட்டாங்க.

"பாசி மட்டும் இல்ல விஜயா"ன்னாங்க. "எழுத்த எப்படி மிதிக்கிறது? புத்தகத்துல கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோமே. இவரு வாசல் முழுக்க எழுத்தாப் போட்டு வெச்சிருக்காரு. நான் ஒரு நாளும் அது மேல கால் வெச்சதில்ல. ஓரமா, மொட்டைக் கல்லாப் பாத்துத்தான் தாண்டித் தாண்டிப் போவேன். அன்னைக்கும் அப்படித் தாண்டப் போயித்தான் விழுந்தேன்."

கேட்டியா அண்ணே? ஆறு வருசமா உன் பொண்டாட்டி உன் பாதையில நொண்டி விளையாடிட்டு இருந்திருக்காங்க. நீயும் பாக்கல, நானும் பாக்கல. வாராவாரம் உன் வீட்டுக்கு வந்து போற எனக்கு எங்க போச்சு கண்ணு?

"அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு கத்திட்டேன்.

"சொன்னா அன்னைக்கே எல்லாத்தையும் பேத்திருப்பாரு"ன்னாங்க. "வர்றவங்களுக்கு ஒவ்வொரு பேராக் காட்டுறப்ப அவரு மூஞ்சியப் பாத்திருக்கியா நீ?"

பாத்திருக்கேன். அண்ணியக் கை குடுத்து எழுப்பிட்டு, முதல் கல்லத் தூக்குனேன்.

கல்ல ஏத்திட்டு வந்தோம். காடி பின்னாடி அமுங்கி, ஒவ்வொரு மேட்டுலயும் அடி தட்டுச்சு. ஞாயிறு காலையிலயே புது அறுபதையும் பேரு மண்ணுப் பக்கம் வெச்சுப் போட்டேன். அப்புறம் பழசு. அதையும் ஒவ்வொண்ணாப் பேத்துத் திருப்பணுமே. முதல் கல்லுல கடப்பாறைய வெக்க மனசே வரல அண்ணே. நீ குத்த வெச்சு உக்காந்து, நூல் புடிச்சுப் போட்டது இல்லையா?

தினேஷ் கையக் கட்டிட்டு நின்னு பாத்தான். நாலு கல்லு வரைக்கும் நின்னான். அப்புறம் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வந்து கடப்பாறையப் புடுங்குனான். ஒவ்வொரு கல்லையும் கழுவி, அதுல இருக்கிற பேர வாய்விட்டுப் படிச்சு, அப்புறம்தான் கவுத்துனான். பாதிப் பேர தப்பாப் படிச்சான். நான் திருத்தல. அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு.

உன் பேரெல்லாம் இப்ப மண்ணுக்குள்ள. கோவிச்சுக்காத. கோவிச்சாலும் பரவால்ல, உன் கோவம் எனக்குத் தெரியாததா? கால் மணி நேரம் நிக்காது.

சாயங்காலம் அண்ணி வாசல்ல வந்து நின்னாங்க. தினேஷ் பக்கத்துல போனான். "தள்ளு"ன்னாங்க. செருப்பக் கழட்டிட்டு, கீழ குனிஞ்சு பாக்காம, பாதம் முழுசாப் பதிச்சு, நேராக் கேட்டு வரைக்கும் நடந்து போனாங்க. கேட்டத் தொட்டாங்க. திரும்புனாங்க. அப்பத்தான் அழுதாங்க.

"உங்க அண்ணன் போட்ட பாதையில இன்னைக்குத்தான் நடக்குறேன் விஜயா"ன்னாங்க.

தினேஷ் அந்த சிமெண்ட் ஆளுக்குப் போன் போட்டு வர வேணாம்னுட்டான்.

நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. மழை பெஞ்ச மறுநாள் எல்லாம் நானே வந்து அந்தப் பாதையத் தேய்ச்சுக் கழுவுவேன். ஒரு கல்லு ஆடுனாலும் அன்னைக்கே சரி பண்ணுவேன். அண்ணி நடக்குற காலம் வரைக்கும் அவங்க கால் உன் கல்லு மேல தைரியமா இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.

உன்ன விட அண்ணிக்கு இப்ப கொஞ்சம் கூடுதலாச் சொந்தமான தங்கச்சி,
விஜயா